வாலை விட்டுவிட்டு வந்த ஃபைல்

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் ஒரு கடை. வெட்டு முடிந்து பால் சேர்ந்ததும் கேன்களோடு ஸ்கூட்டர்கள் வரிசை கட்டும். எடை போட்டு, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம்) பார்த்து, அன்றைய விலையில் பெருக்கி பில் கொடுக்கும் புரோகிராம் நான் எழுதியது. அடியில் இருக்கும் டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். சர்வர் எதுவும் இல்லாமல் எல்லாத் தகவலையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளும் சரக்கு அது. ஒரு டிசம்பர் மாதம் கடைக்கார அண்ணாச்சி அந்த ஃபைலை பென்டிரைவில் காப்பி பண்ணி நாகர்கோவிலில் உள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாள் எனக்கு போன்.

"மக்கா, கடைசி நாலு நாள் பில்லு ஒண்ணையும் காணல்லன்னு சொல்லுகானுவ. எனக்க கம்ப்யூட்டர்ல எல்லாம் கெடக்கு. பென்டிரைவுல மட்டும் இல்ல. எப்பிடிடே?"

ஃபைல் கெட்டுப்போனால் திறக்காது, அல்லது திறந்ததும் பிழைச் செய்தி வரும். இது ஒழுங்காகத் திறந்தது, கூட்டுத்தொகையும் சரியாக இருந்தது. நான்கு நாளைக்கு முந்தைய உலகத்தில் அப்படியே உறைந்து நின்றது, அவ்வளவுதான். போய்ப் பார்த்தபோது அவருடைய லேப்டாப்பில் அந்த ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரில் இன்னும் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்றின் பெயர் 'வால்' என்று முடிந்தது. ஆங்கிலத்தில் 'முன்னெழுதும் பதிவேடு' என்பதன் மூன்று முதலெழுத்துகள்தான் அது. ஆனால் தமிழில் வாசிக்கும்போது வருகிற அர்த்தமும் பொருத்தம்தான். அண்ணாச்சி மாட்டைக் கொண்டுபோய்விட்டார், வால் வீட்டிலேயே நின்றுவிட்டது.

அந்த வாலில் என்ன இருக்கிறது? இந்த முறையில் இயங்கும்போது எஸ்க்யூலைட் புதிய எழுத்து எதையும் முதன்மை ஃபைலில் உடனே எழுதாது. மாறிய பக்கங்களை (ஃபைலைச் சம அளவாகப் பிரித்த துண்டுகள்) வாலின் கடைசியில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும். படிப்பவர் கேட்டால் முதலில் வாலைப் பார்த்து, அங்கே இல்லாததை மட்டும் முதன்மை ஃபைலில் இருந்து எடுத்துத் தரும். வாலில் 1000 பக்கங்கள் சேர்ந்ததும் அவற்றை முதன்மை ஃபைலுக்கு மாற்றும், இதற்கு செக்பாயின்ட் என்று பெயர். ஒரு பக்கம் 4096 பைட் என்றால் ஏறத்தாழ 4 எம்.பி. ஒரு பில் போட்டால் டேபிள், அதில் சீக்கிரம் தேட உதவும் இன்டெக்ஸ்கள், பார்ட்டியின் பாக்கி எல்லாம் சேர்ந்து ஏழெட்டுப் பக்கங்கள் மாறும் என்று வைத்துக்கொண்டால், தினம் நாற்பது பில் போடும் கடையில் 1000 பக்கம் சேர மூன்று நான்கு நாள் ஆகும். புரோகிராமை ஒழுங்காக மூடியிருந்தால், கடைசி இணைப்பு துண்டிக்கப்படும்போது வாலில் உள்ளது முழுவதும் முதன்மை ஃபைலுக்குப் போய், வாலும் தானாக மறைந்திருக்கும். அண்ணாச்சியோ புரோகிராமை மூடுவதே இல்லை, சாயங்காலம் லேப்டாப்பின் மூடியை மடக்குவதோடு சரி. முதன்மை ஃபைல் கடைசியாக மாறிய தேதியைப் பார்த்தால் அதுவும் நான்கு நாள் பழசு.

இந்தக் கதையில் பிழை செய்தது அண்ணாச்சி அல்ல, நான். 'எல்லாம் ஒரே ஃபைல், காப்பி பண்ணினா போதும்' என்று அவரிடம் சொன்னவன் நான்தான்.

எஸ்க்யூலைட்டில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. பார்க்க அது ஒரு ஃபைல். நடந்துகொள்வது டேட்டாபேஸ் போல. வெறும் ஃபைல் என்று நம்பினால் வாலை விட்டுவிட்டுக் காப்பி பண்ணுவோம். சர்வர் என்று நம்பினால் கடையின் நெட்வொர்க்கில் பொது ஃபோல்டரில் போட்டு நாலு கம்ப்யூட்டரில் இருந்து திறப்போம். இரண்டுக்கும் தண்டனை உண்டு. மேலும் ஒன்று, இது எனக்கு நிதானமாகத்தான் பிடிபட்டது: இந்த ஃபைல் ஊர் ஊராகப் போகும், நாம் அதற்குக் கற்றுக்கொடுத்த பழக்கங்கள் புரோகிராமோடு நின்றுவிடும். எது ஃபைலுக்குள் தங்கும், எது புரோகிராமில் நிற்கும் என்ற பட்டியல் மனதில் இருந்தால் பாதி நாள் மிச்சம்.

போர்க்கப்பலில் இருந்து வந்த சரக்கு

சர்வரே வேண்டாம் என்ற எண்ணம் வந்த இடம் ஒரு போர்க்கப்பல். 2000-ஆம் ஆண்டில், எஸ்க்யூலைட்டை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்காக ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் வழியாக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். கப்பலில் ஒரு குழாய் உடைந்தால் எந்த வால்வை மூடி எதைத் திறப்பது என்று சொல்லும் வேலை. தகவல் எல்லாம் இன்ஃபார்மிக்ஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரில். சர்வர் படுத்தால் இவருடைய புரோகிராமும் கைவிரித்துவிடும், திட்டு இவருக்கு விழும். வெறும் வாசிப்புக்கு எதற்கு ஒரு சர்வர், டிஸ்க்கில் இருந்து நேராக எடுத்தால் என்ன என்று யோசித்ததன் விளைவு அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த முதல் பதிப்பு. இன்றைக்கு நாம் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பின் ஃபைல் வடிவம் 2004-இல் வந்தது. வால் முறை 2010-இல் 3.7.0 பதிப்பில் சேர்ந்தது. இதன் பெயரை அவர் 'எஸ்-க்யூ-எல்-ஐட்' என்று ஏதோ கனிமத்தின் பெயர் போல உச்சரிப்பார். நம்மூரில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

குழாய் உடைந்த கப்பலுக்குத் தேவைப்பட்டதும் நம் மாவட்டத்துக்குத் தேவைப்படுவதும் ஒன்றுதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு இங்கே பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சர்வரை எழுப்பி, நெட்வொர்க்கை எழுப்பி, அதன் பிறகு பில் போடுவது என்ற பேச்சே அந்த மாதிரி நேரத்தில் எடுபடாது. பேட்டரியில் ஓடும் ஒரு லேப்டாப்பும் ஒரு ஃபைலும் இருந்தால் கணக்கு நடக்கும்.

இதன் மூலநிரல் பொதுச் சொத்து. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் நீங்கள் திருத்தி அனுப்புவதை அவர்கள் சேர்த்துக்கொள்வது அபூர்வம். திறந்த மூலம் என்றாலும் திறந்த வாசல் இல்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்கள். நிரலின் அளவைப்போல பல நூறு மடங்கு சோதனை நிரல் வைத்திருக்கிறார்கள். ஆகவே 'எஸ்க்யூலைட்டில் பக்' என்று யாராவது சொன்னால் முதலில் சொன்னவருடைய நிரலைப் பார்ப்பது என் வழக்கம். என் நிரல் என்றால் இரண்டு முறை பார்ப்பேன். தமிழுக்கு ஏதாவது சேர்க்கவேண்டும் என்றாலும் உள்ளே கைவைப்பது வழியில்லை. வெளியில் இருந்து மாட்டும் கொக்கிகளைத்தான் பயன்படுத்தவேண்டும், அவை தாராளமாகவே உண்டு.

பூட்டு

அதே கடையில் சில மாதம் கழித்து வேறொரு தொல்லை. பில் போடும் பெண் கூப்பிட்டாள்: "அண்ணா, லாக்டுன்னு காட்டிட்டு நிக்குது. கூட்டம் நிக்கு."

லேப்டாப்பில் இரண்டு புரோகிராம்கள் ஓடுகின்றன. ஒன்று எடை மெஷினில் இருந்து வரும் எண்ணை வாங்கி எழுதும். இன்னொன்று பில். எஸ்க்யூலைட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். எழுதுபவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கடைக்கு ஒரே பேரேடு, ஒரே பேனா என்பது போல. பேனா வேறொருவர் கையில் இருந்தால் காத்திருக்கவேண்டும், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நாம்தான் சொல்லவேண்டும். 'பிஸி டைம்அவுட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அது பூஜ்யம், கேட்ட மாத்திரத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். பைத்தானில் அதன் தொகுப்பு தானாகவே 5 வினாடி வைத்துக்கொள்ளும் என்பதால், பைத்தானில் எழுதிப் பழகியவர் சி மொழிக்கு வரும்போது திடீரென்று பூட்டுகளைச் சந்திப்பார்.

நான் 5 வினாடி வைத்துத்தான் இருந்தேன். பிறகும் பூட்டு. தேடியதில் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

முதலாவது வெட்கக்கேடு. பில்லைச் சேமிக்கும் டிரான்சாக்ஷனை (ஏறினால் முழுதாக ஏறும், இல்லையென்றால் ஒன்றுமே ஏறாது என்ற கட்டு) திறந்து, வரிகளை எழுதி, தெர்மல் பிரின்டருக்கு அனுப்பி, பிரின்ட் ஆனதும் முடிக்கும்படி எழுதியிருந்தேன். பிரின்ட் ஆகாத பில் கணக்கில் ஏறக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். பிரின்டரில் பேப்பர் தீர்ந்தது. அந்தப் பெண் புது ரோல் எடுக்கப் பின்னறைக்குப் போனாள். அவள் திரும்பி வந்து ரோலை மாட்டும்வரை பேனா பில் புரோகிராமின் கையில். எடை புரோகிராம் 5 வினாடி காத்துவிட்டுக் கைவிட்டது. டிரான்சாக்ஷனுக்குள் மனிதருக்காகவோ மெஷினுக்காகவோ இணையத்துக்காகவோ காத்திருக்கக்கூடாது. எழுதி முடித்து, பிறகு பிரின்ட் பண்ணி, 'பிரின்ட் ஆயிற்று' என்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது.

இரண்டாவது கொஞ்சம் நுட்பம். வெறுமனே டிரான்சாக்ஷன் தொடங்கினால் எஸ்க்யூலைட் அப்போது எந்தப் பூட்டையும் எடுக்காது. முதலில் படித்தால் படிப்பவருக்கான பூட்டு, பிறகு எழுதப் போனால்தான் பேனாவைக் கேட்கும். பில் புரோகிராம் கடைசி எடையைப் படித்தது. அது பேனாவைக் கேட்பதற்குள் எடை புரோகிராம் புதிதாக ஒன்றை எழுதி முடித்துவிட்டது. இப்போது பில் புரோகிராம் கையில் இருப்பது பழைய படம். பழைய படத்தை வைத்துப் புதியதன் மேல் எழுத எஸ்க்யூலைட் விடாது. எவ்வளவு நேரம் காத்தாலும் பழைய படம் புதிதாகப் போவதில்லை, எனவே டைம்அவுட்டை 5-இல் இருந்து 50 ஆக்கினாலும் பயன் இல்லை. எழுதப் போகிறோம் என்று தெரிந்தால் 'பிகின் இம்மீடியட்' என்று தொடங்கி, பேனாவை வாங்கிக்கொண்டே உள்ளே நுழையவேண்டும். ஒரு சொல் கூடுதல். இந்த ஒரு சொல்லுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

கடை பெரிதாகி, அண்ணாச்சி இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கி, 'ஃபைலை ஷேர் பண்ணி வச்சா போதாதா' என்று கேட்டபோது முடியாது என்றேன். வால் முறையில் எல்லாப் புரோகிராம்களும் ஒரே மெஷினின் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளவேண்டும்; பக்கத்தில் இருந்த அந்த மூன்றாவது ஃபைல் அதற்குத்தான். நெட்வொர்க் வழியாக அது நடக்காது. வாலுக்கு முந்தைய பழைய முறைக்கு மாற்றினாலும், நெட்வொர்க் ஃபோல்டர்கள் பூட்டு விஷயத்தில் சொல்வது எல்லாம் உண்மை இல்லை. இரண்டு பேர் கையிலும் பேனா இருப்பதாக நம்ப வைத்தால் ஃபைல் சிதையும். அந்த இடத்தில் ஒரு சின்ன சர்வர் புரோகிராம் எழுதுவதோ போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர் டேட்டாபேஸுக்குப் போவதோதான் மரியாதை.

கரன்ட், கெட்ட ஃபைல்

ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் 'இது டிஸ்க்கில் ஏறியாயிற்றா' என்று எஸ்க்யூலைட் இயங்குதளத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். எவ்வளவு கறாராகக் கேட்பது என்பது 'சின்க்ரோனஸ்' அமைப்பில் இருக்கிறது. வால் முறையில் 'நார்மல்' என்று வைத்தால் கரன்ட் போகும்போது கடைசியாகப் போட்ட பில்கள் சில காணாமல் போகலாம், ஃபைல் கெடாது. 'ஃபுல்' என்றால் அந்தப் பில்களும் தப்பும், கொஞ்சம் மெதுவாகும். நாற்பது பில்லுக்கு ஃபுல் வைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. மலிவான பென்டிரைவிலேயே நேரடியாக வேலை செய்பவர்களுக்கு எந்த அமைப்பும் உதவாது. ஏறாததையே ஏறிவிட்டது என்று சொல்லும் சரக்கு அது.

கெட்டுவிட்டது என்று ஒரு ஃபைல் கையில் வந்தால் முதல் வேலை, திறக்காமல் பக்கத்து ஃபைல்களோடு சேர்த்து முழுதாக ஒரு நகல் எடுப்பது. பழைய முறையில் 'ஜர்னல்' என்று முடியும் ஒரு ஃபைல் பக்கத்தில் கிடக்கும், குப்பை என்று அதை அழிப்பவர்கள் உண்டு. பாதியில் நின்ற எழுத்தைத் திருப்பி எடுக்க உதவும் ஒரே ஆதாரம் அதுதான். பிறகு 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டினால் ஒன்றும் இல்லை என்றால் 'ஓகே' என்று ஒரே சொல் வரும். இன்டெக்ஸில் வரி காணவில்லை என்று மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், டேபிள் பத்திரம், இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் 'ரீஇன்டெக்ஸ்' போதும். பக்கங்களே சிதைந்திருந்தால் கட்டளைவரிக் கருவியில் 2019 முதல் 'ரிகவர்' இருக்கிறது. அது கிடைத்த பக்கங்களில் இருந்து கிடைத்த வரிகளைப் பொறுக்கித் தரும். யாருடைய வரி எது என்று உட்கார்ந்து பார்ப்பது நம் பாடு.

பேக்கப் என்றால் 'வேக்யூம் இன்டு' என்று ஒரு கட்டளை, 3.27 பதிப்பில் இருந்து உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் இருந்து, வாலில் உள்ளதையும் சேர்த்து, முழுமையான புதிய ஃபைல் ஒன்றை எழுதித் தரும். அண்ணாச்சியின் புரோகிராமில் இப்போது 'ஆடிட்டருக்கு' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அடியில் இந்தக் கட்டளைதான். ஆனாலும் அனுப்பிவிட்டு போன் பண்ணி "வாலும் சேந்து போயிருக்கா மக்கா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

பூஜ்யத்தைத் தின்னும் நெடுவரிசை

நாகர்கோவிலின் எஸ்.டி.டி. எண் 04652, மார்த்தாண்டத்துக்கு 04651. பார்ட்டிகளின் தொலைபேசி எண்ணுக்கு நெடுவரிசை வகை 'ஸ்ட்ரிங்' என்று கொடுத்து டேபிள் போட்டால், 04652 என்று உள்ளே போனது 4652 என்று வெளியே வரும். எஸ்க்யூலைட் வகைப் பெயரை ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பெயருக்குள் 'டெக்ஸ்ட்', 'கேர்' போன்ற எழுத்துகள் இருந்தால் உரை. 'இன்ட்' இருந்தால் முழு எண். தனக்குத் தெரிந்த எதுவும் இல்லையென்றால் எண்ணாக மாற்றிப் பார்க்கும். 'ஸ்ட்ரிங்' அதற்குத் தெரியாத பெயர்.

டி.ஆர்.சி. கணக்கில் இதன் தம்பி ஒருவன் அகப்பட்டான். 120 கிலோ பால், டி.ஆர்.சி. 35 என்றால் உலர் ரப்பர் 42 கிலோ. நான் எடையை, 'டி.ஆர்.சி. வகுத்தல் 100' என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுப் பெருக்கியிருந்தேன். சோதித்தபோது 35.5 கொடுத்தேன், சரியாக வந்தது. கடையில் முழு எண்ணாக 35 வந்த பில்கள் எல்லாம் பூஜ்யம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான், 35-ஐ 100 ஆல் வகுத்தால் பூஜ்யம். 35.0 என்று கொடுத்தாலும் எண் வகை நெடுவரிசை அதை 35 என்று சுருக்கி வைத்துக்கொள்ளும். ஆக ஒரே டேபிளில் தசமப் பகுதி உள்ளவருக்குப் பணம், இல்லாதவருக்கு நாமம். முதல் பூஜ்யம் பில் வாங்கியவர் என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

3.37 பதிப்பில், 2021-இல், 'ஸ்ட்ரிக்ட்' டேபிள் வந்தது. அதில் 'ஸ்ட்ரிங்' என்று எழுதினால் டேபிளையே உருவாக்க மறுக்கும். புதிதாகத் தொடங்குபவர் இதையே பழகிக்கொள்ளலாம். போனில் ஓடும் செயலி என்றால் மட்டும் பதிப்பைப் பார்க்கவேண்டும்: ஆண்ட்ராய்டு தன்னோடு வரும் எஸ்க்யூலைட்டைத்தான் தரும், 10-இல் அது 3.22, 11-இல் 3.28.

ஃபைலுக்குள் எது, வெளியே எது என்ற பட்டியலும் இந்த இடத்தில் உதவும். வால் முறை என்ற அமைப்பு ஃபைலுக்குள் பதிந்துவிடும், யார் திறந்தாலும் தொடரும். டைம்அவுட், சின்க்ரோனஸ், பிற டேபிளைச் சுட்டும் சாவிகளைச் சரிபார்ப்பது ஆகியவை ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாகச் சொல்லவேண்டியவை. சாவிச் சரிபார்ப்பு வழக்கமாக அணைந்தே இருக்கும். என் புரோகிராம் அதைத் திறந்து வைக்கிறது. வேறு யாராவது கட்டளைவரியில் திறந்து ஒரு பார்ட்டியை அழித்தால், அவருடைய பில்கள் ஆளில்லாமல் நிற்கும்.

இரண்டு கொல்லங்கோடு

பார்ட்டிகளின் ஊர்ப் பட்டியலில் கொல்லங்கோடு இரண்டு முறை வந்தது. ஒன்றுபோலவே இருந்தன, அச்சிலும் திரையிலும் ஒரு வித்தியாசம் இல்லை. ஊர்வாரிக் கூட்டல் இரண்டாகப் பிரிந்து நின்றது. "ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு கணக்கு?" என்பது அண்ணாச்சியின் நியாயமான கேள்வி.

நீளத்தைக் கேட்டேன். ஒன்றுக்கு 11 என்றது, மற்றதற்கு 13 என்றது. பள்ளிக்கூடத்தில் எண்ணினால் கொ, ல், ல, ங், கோ, டு என்று ஆறு எழுத்து. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் 11. மீதி இரண்டு எங்கே? 'கொ' என்பதை க-வுக்குப் பின் ஒகரக்குறி ஒன்று என்று எழுதலாம், அல்லது எகரக்கொம்பு, பிறகு கால் என்று இரண்டாக உடைத்தும் எழுதலாம். 'கோ'வுக்கும் அப்படியே. இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. எஸ்க்யூலைட்டுக்கோ பைட் வேறு என்றால் சொல் வேறு. உடைந்த கொல்லங்கோடு வந்த வழியையும் கண்டுபிடித்தேன்: பழைய கணக்கு பாமினி என்ற, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த எக்செல் ஃபைலில் இருந்து மாற்றப்பட்டது. அந்த எழுத்துருவில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணில் படும் வரிசையில்தான் அடிப்பார்கள். மாற்றிய நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னே நகர்த்திவிட்டு, காலோடு ஒட்டவைக்க மறந்துவிட்டது.

இதற்கு ஒரு சொந்தச் செயற்கூறு எழுதிப் பதிவு செய்யலாம், பைத்தானில் நான்கு வரி. ஆனால் தேடும்போது ஒட்டவைப்பதைவிட, எழுதும்போதே ஒட்டவைத்து உள்ளே விடுவது மேல். ஏற்கெனவே உள்ளதை ஒருமுறை ஓடித் திருத்திவிட்டு, வாசலில் காவல் போட்டால் போதும்.

வரிசைப்படுத்துவதுதான் நிஜமான வேலை. பளுகல், பறக்கை, பனச்சமூடு. நம் அகரவரிசையில் ள, ற, ன என்ற வரிசைப்படி இவை இப்படித்தான் நிற்கவேண்டும். எஸ்க்யூலைட் தந்தது பனச்சமூடு, பறக்கை, பளுகல். சரியாகத் தலைகீழ். காரணம் யூனிகோட் கட்டம் இந்திய மொழிகளுக்கான 1988-இன் இஸ்கி குறியீட்டில் இருந்து வந்தது, அது தேவநாகரி வரிசைக்கு எல்லா மொழிகளையும் பொருத்தியது. ஆகவே ன ந-வின் பக்கத்திலும், ற ர-வின் பக்கத்திலும் போய் உட்கார்ந்துகொண்டன. புள்ளிக்கு எண் மெய்யெழுத்துகளுக்கெல்லாம் பின்னால் என்பதால் 'பகல்' வந்தபிறகே 'பக்கம்' வரும், அகராதியில் நேர்மாறு.

எஸ்க்யூலைட்டில் சொந்த வரிசைமுறையைப் பதிவு செய்ய வழி உண்டு, கொலேஷன் என்பார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன், பெருமையாகவும் இருந்தது. அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸும் போட்டேன். அடுத்த முறை ஆடிட்டர் அலுவலகத்தில் அந்த ஃபைலைத் திறந்தவருக்கு 'அப்படி ஒரு கொலேஷன் இல்லை' என்ற செய்தி வந்தது. டேபிள் விவரத்தில் அதன் பெயர் இருக்கிறது, செய்யும் நிரலோ குலசேகரத்தில் இருக்கிறது. பின்னாளில் கிரந்த எழுத்துகளுக்காக அந்த நிரலில் ஒரு வரியை மாற்றியபோது, பழைய வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸ் புதிய வரிசையோடு முரண்பட்டு, இருக்கும் ஊரையே இல்லை என்றது. ரீஇன்டெக்ஸ் செய்ததும் சரியானது, ஆனால் நம்பிக்கை போய்விட்டது.

இப்போது கொலேஷனை விட்டுவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாவி நெடுவரிசை வைத்திருக்கிறேன். உயிர் 1 முதல் 12 வரை, ஆய்தம் 13, பிறகு க 14-இல் தொடங்கி ன 31-இல் முடியும். ஒவ்வொரு எழுத்துக்கும் நான்கு இலக்கம்: மெய்யின் எண், அதன் பிறகு உயிரின் எண், புள்ளிக்கு 00. பளுகல் என்பது 2201 2905 1401 2600. பறக்கை 2201 3001 1400 1409. பனச்சமூடு 2201 3101 என்று தொடங்கும். சாதாரண உரையாக வரிசைப்படுத்தினாலே அகரவரிசை வந்துவிடும். பல மொழிகளின் வரிசை தெரிந்த ஐ.சி.யூ. நீட்சியை ஏற்றினால் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு, தவறில்லை. ஆனால் அதை ஃபைல் போகும் இடமெல்லாம் ஏற்றவேண்டும். என் நான்கு இலக்கங்கள் ஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன.

மீனைத் தேடினால் முன்பணம்

கடலோரத்தில் ஒரு மீன் வியாபாரிக்கும் இதே புரோகிராமைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். அவருக்குக் குறிப்புகளில் சொல் தேடவேண்டும். எஃப்.டி.எஸ். 5 என்ற தேடல் நீட்சி எஸ்க்யூலைட்டோடு வருவது. போட்டாயிற்று. 'மீன்' என்று தேடினால் முன்பணம் கொடுத்த குறிப்புகள் வரிசையாக வந்து நின்றன. 'மான்' என்று தேடினாலும் அதே முன்பணம்.

அதன் வழக்கமான சொல்பிரிப்பான் எழுத்து, எண் என்ற வகைக் குறிகளை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். தமிழ் உயிர்க்குறியும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகை அல்ல, ஒட்டுக்குறி வகை. அவற்றை இடைவெளி போல நினைத்து வெட்டிவிடுகிறது. மீன் என்பது ம, ன என்று இரண்டு துண்டு. முன்பணம் என்பது ம, ன, பணம என்று மூன்று. அடுத்தடுத்து ம, ன வந்தால் போதும், கிடைத்துவிட்டது என்று கொண்டுவந்து தரும். நாகர்கோவில் அதன் கண்ணுக்கு ந, கர, க, வ, ல. டேபிளை உருவாக்கும்போதே 'கேட்டகரிஸ்' என்ற விருப்பத்தில் ஒட்டுக்குறி வகைகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இது தீரும். பிறகு மாற்ற முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும்.

கட்டியதும் 'மீன்' ஒழுங்காக மீனைத் தந்தது, ஆனால் 'மீனுக்கு' என்று எழுதியதைத் தரவில்லை. முன்னொட்டுத் தேடலுக்கு நட்சத்திரம் போடலாம் என்றால், 'மீன்' புள்ளியில் முடிகிறது, 'மீனுக்கு' அந்த இடத்தில் உகரக்குறி வைத்திருக்கிறது. புள்ளியை நீக்கி 'மீன' என்று வைத்து நட்சத்திரம் போட்டால் இரண்டும் வரும். தேடல் பெட்டியில் அடித்த சொல் மெய்யில் முடிந்தால் புள்ளியை உரித்துவிட்டு, இல்லையென்றால் அப்படியே, நட்சத்திரம் ஒட்டும்படி எழுதிவிட்டேன். 'படகு' 'படகுக்கு' ஆகும்போதும் 'வலை' 'வலையை' ஆகும்போதும் ஓரளவு சமாளிக்கிறது. 'பணம்' 'பணத்தை' ஆகும் இடத்தில் இந்த வித்தை செல்லாது, சொந்தச் சொல்பிரிப்பான் வேண்டும். அதை சி-யில் எழுதினேன்.

ஆனால் அந்தப் பிரிப்பானும் கொலேஷன் போல புரோகிராமோடு நிற்பதுதான். எனவே தேடல் டேபிளை மட்டும் தனி ஃபைலில் வைத்து, புரோகிராம் திறக்கும்போது 'அட்டாச்' செய்துகொள்கிறேன். வால் முறையில் இரண்டு ஃபைல்களையும் சேர்த்து எழுதும்போது நடுவில் கரன்ட் போனால் ஒன்றில் ஏறி மற்றதில் ஏறாமல் போகலாம். தேடல் ஃபைல் என்றால் அழித்துவிட்டு கணக்கில் இருந்தே திரும்பக் கட்டிக்கொள்ளலாம், வியாபாரியின் குறிப்புகள் மொத்தத்துக்கும் சில வினாடிதான் ஆகிறது. ஆடிட்டருக்குப் போவது கணக்கு ஃபைல் மட்டும்.